விளக்கெண்ணெய் ஏன் மேலே நிற்கிறது? சின்னப் பிள்ளைகளுக்குத் திரவம் சொல்லித்தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பயிற்சிக்கு வந்திருந்த இளம் ஆசிரியை மூன்றாம் வகுப்புக்குத் திரவங்கள் நடத்திக்கொண்டிருந்தார். கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் வைத்து, அதில் தேனை ஊற்றினார். தேன் நேராக அடியில் போய்ப் படிந்தது. "தேன் கெட்டி. அதனாலதான் அடியில போகுது, பாத்தீங்களா?" என்றார். "ஆமா டீச்சர்" என்று வகுப்பே சொன்னது. எனக்கு மனசு பதறிவிட்டது. 22 வருஷத்துக்கு முன்னால் நானும் இதே வாக்கியத்தை இதே உறுதியோடு சொன்னவள்.

தண்ணீர் சிந்தாமல் ஊற்றுங்கள், சாமானை முதல் நாளே எடுத்து வையுங்கள் என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே வந்துவிடும். வருஷக்கணக்கில் நம் கண்ணுக்குப் படாமலே இருக்கும் தவறுகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எவர்சில்வர் டம்ளரில் காட்டுவது

நம் வீடுகளில் டம்ளர் என்றால் எவர்சில்வர்தான். கைக்கு அதுதான் முதலில் வரும். ஆனால் எட்டிப் பார்க்கும் பிள்ளைக்குத் தண்ணீரின் மேற்பரப்பு மட்டுமே தெரியும், மட்டம் எங்கே நிற்கிறது என்று தெரியாது. கழுவிய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றும், ஒல்லியான கண்ணாடி பாட்டில் ஒன்றும் போதும்.

அகலப் பாட்டிலில் இருந்த தண்ணீரை ஒல்லிப் பாட்டிலுக்கு மாற்றினால், ஐந்து ஆறு வயதுப் பிள்ளை "இதுலதான் நிறைய இருக்கு" என்று உயரமானதைக் காட்டும். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜான் பியாஜே இதைப் பல பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்திருக்கிறார். பாட்டில் மாறினாலும் தண்ணீர் அதே அளவுதான் என்பது ஏழு வயதையொட்டித்தான் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பிடிபடுகிறது. அதற்கு முன் "ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லு" என்று அழுத்தினால், சொல்லும், நம்பாது. "நல்லா யோசிச்சுச் சொல்லு" என்று இரண்டாவது தடவை கேட்பதும் கெடுதல். முதல் பதில் டீச்சருக்குப் பிடிக்கவில்லை போல என்று மாற்றிச் சொல்லிவிடும். பழையபடி அகலப் பாட்டிலுக்கே ஊற்றச் சொல்லுங்கள். அடுத்த மாதமும் ஊற்றட்டும். அவசரமில்லை.

"கெட்டி" என்ற ஒரு சொல்லில் இரண்டு பாடத்தை அடைப்பது

இன்றும் என்னைக் கோபப்படுத்துவது இதுதான்.

நம் பேச்சில் இந்தச் சொல் எத்தனை வேலை செய்கிறது என்று பாருங்கள். தயிர் கெட்டி என்றால் எளிதில் ஓடாது. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் கெட்டியாகிவிட்டது என்றால் உறைந்துவிட்டது. கெட்டிக் காப்பு என்றால் உள்ளே கூடு இல்லாத முழுப் பொன், கையில் கனக்கும். மூன்றையும் வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளையிடம் "கெட்டி, அதனால் அடியில் போகிறது" என்றால், மெதுவாக ஓடுவதும் கனமாக இருப்பதும் அதன் மனதில் ஒன்றாக ஒட்டிக்கொள்கின்றன. பிறகு பிரிப்பது லேசில்லை.

என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த ஒரு பெண், ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது பொங்கல் லீவில் அறிவியல் விடைத்தாளோடு வீட்டுக்கு வந்தாள். விளக்கெண்ணெய் தண்ணீரில் என்ன ஆகும் என்ற கேள்விக்கு "மூழ்கும், ஏனென்றால் கெட்டியானது" என்று எழுதியிருந்தாள். அதே தாளில், நிறையைப் பருமனால் வகுத்தால் அடர்த்தி என்று சரியாக எழுதிக் கணக்கும் போட்டிருந்தாள். "நீங்கதானே டீச்சர் சொன்னீங்க" என்றாள். கோபமாகக்கூட இல்லை, நம்பிக்கையோடு சொன்னாள். நான் எழுந்து போய் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து விளக்கெண்ணெயை ஊற்றினேன். அது மேலேயே நின்றது. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆறு வருஷம் அவள் மனதில் கிடந்த அந்தத் தப்பு நான் போட்டது. மதிப்பெண் போனதுகூடப் பெரிதில்லை. கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதை என் வாயைப் பார்த்துத் தெரிந்துகொள்ளப் பழக்கிவிட்டேனே, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

சரி, எப்படிப் பிரிப்பது? பெரிய வகுப்பில் மெதுவாக ஓடுவதைப் பாகுநிலை என்பார்கள், ஒரே அளவில் எவ்வளவு கனம் என்பதை அடர்த்தி என்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்கள் வேண்டாம். "ஓட்டம்", "கனம்" என்று இரண்டு சொல் போதும். இரண்டையும் ஒரே நாளில் நடத்தாதீர்கள்.

ஓட்டத்துக்கு ஒரு நாள். சாய்த்து வைத்த தாம்பாளத்தில் தண்ணீர், தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், தேன் என்று ஒவ்வொரு கரண்டி ஒரே நேரத்தில் ஊற்றிப் பந்தயம் விடுங்கள். அடுப்படியிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம். வெல்லப்பாகு சூடாக இருக்கும்போது எப்படி ஓடுகிறது, ஆறியபின் எப்படி இழுக்கிறது என்று அப்பத்தாவிடம் கேட்டு வரச் சொன்னால், அடுத்த நாள் வகுப்பில் எல்லோருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும். பக்கத்து ஊர்க்காரர்கள் பிள்ளைகளை ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கும் வண்ணக் கல்) செய்யும் பட்டறைக்குக் கூட்டிப்போகலாம். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் கலவையைக் கட்டம் கட்டமாக ஊற்றுவார்கள். கலவை நீர்த்துப்போனால் அச்சைத் தூக்கியதும் ஒரு நிறம் இன்னொன்றுக்குள் ஓடிவிடும். எவ்வளவு ஓட வேண்டும் என்பது அந்தக் கைக்குத் தெரியும். ஓட்டம் என்றால் என்ன என்று அதைவிட நன்றாக என்னால் நடத்த முடிந்ததில்லை.

கனத்துக்கு வேறொரு நாள். தராசு வேண்டும், அளவு ஒன்றாக இருக்க வேண்டும். 100 மில்லி தண்ணீர் 100 கிராம். அதே அளவு தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 92, விளக்கெண்ணெய் 96, தேன் 140. இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பிறகு ஊற்றிக் காட்டுங்கள். தேனும் விளக்கெண்ணெயும் இரண்டுமே மெதுவாக ஓடுபவை. ஆனால் தண்ணீரில் ஒன்று கீழே போகிறது, ஒன்று மேலே நிற்கிறது. இந்த ஜோடியை விட்டுவிட்டுத் தேனை மட்டும் காட்டுவதில்தான் வினையே இருக்கிறது. முடிந்தால் இதற்கு மேல் கரையாது என்னும் அளவுக்கு உப்பைக் கரைத்த தண்ணீரையும் நிறுத்துக் காட்டுங்கள். 100 மில்லி 120 கிராமை நெருங்கும். ஓட்டத்தில் பச்சைத் தண்ணீருக்குப் பெரிய வித்தியாசமில்லை, கனத்தில்தான் வித்தியாசம்.

ஒரு பிள்ளை என்னிடம் "வடை மாவு கெட்டிதானே டீச்சர், எங்கம்மா தண்ணியில போட்டா மிதக்குதே?" என்று கேட்டது. உளுந்து பதமாக ஆட்டியாகிவிட்டதா என்று பார்க்கத் துளி மாவைத் தண்ணீரில் போடுவார்கள் இல்லையா, அதைத்தான் சொன்னது. ஆட்டும்போது காற்று ஏறி இடத்தைப் பிடித்துக்கொள்வதால், அதே அளவு தண்ணீரைவிட மாவு லேசாகிவிடுகிறது. அந்தக் கேள்வி வந்த அன்றுதான் என் பாடம் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தது என்று நினைத்தேன்.

அரிசியும் திரவம் என்ற பிள்ளையை அதட்டுவது

"ஊத்தலாம், பாத்திரத்தோட வடிவத்துக்கு வரும், அப்ப அரிசியும் திரவம்தானே?" நல்ல கேள்வி. நாம் கொடுத்த வரையறையைச் சரியாகத்தான் பயன்படுத்தியிருக்கிறது. கவுனி அரிசியை ஒரு தட்டிலும் தண்ணீரை இன்னொரு தட்டிலும் ஊற்றுங்கள். அரிசி குவியும், தண்ணீர் தானாகச் சமமாகும். பிறகு ஒரே ஒரு அரிசியை எடுத்துக் கையில் கொடுங்கள். அது தன் வடிவத்தை விடவில்லை.

"சர்க்கரை காணாமப் போச்சு"

போகவில்லை. கரைந்திருக்கிறது. நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கட்டும்.

மண்ணெண்ணெய், பினாயில், நிறம் போட்ட ஆசிட்

வகுப்புக்குள் வரவே கூடாது.

பானை ஈரமும் டம்ளர் ஈரமும் ஒன்று என்பது

மண்பானையின் வெளிப்புறம் ஈரமாக இருக்கிறது. ஐஸ் தண்ணீர் வைத்த டம்ளரின் வெளிப்புறமும் ஈரமாக இருக்கிறது. இரண்டையும் "வேர்க்குது" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். பானையில் இருப்பது உள்ளிருந்து நுண்துளை வழியாகக் கசிந்த தண்ணீர். அது ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போவதால்தான் பானைத் தண்ணீர் சில்லென்று இருக்கிறது. டம்ளரில் துளை ஏது? அது காற்றில் இருந்த நீராவி, குளிர்ந்த பரப்பில் பட்டுத் தண்ணீரானது. டம்ளருக்குள் மஞ்சள் தூள் கரைத்து வைத்து, வெளியே இருக்கும் ஈரத்தை வெள்ளைத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். துணியில் மஞ்சள் ஏறாது. "அப்ப இந்தத் தண்ணி எங்கேருந்து வந்துச்சு?" என்று பிள்ளைகளே கேட்பார்கள். உடனே பதில் சொல்லிவிடாதீர்கள்.