கதை எழுதப் படிக்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

"கதை எழுதக்கூடவா காலேஜ்?" என்று ஊரில் கேட்டார்கள். கேட்டதில் தப்பில்லை. இங்கிலாந்தில் நாரிச் நகரத்து ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகம் 1970இல் படைப்பெழுத்தில் முதுகலை ஆரம்பித்தபோது அங்கேயும் இது புதுசுதான். நாவலாசிரியர்கள் மால்கம் பிராட்பரியும் ஆங்கஸ் வில்சனும் தொடங்கிய அந்த வகுப்பின் முதல் மாணவர், பின்னாளில் பெரிய நாவலாசிரியரான இயன் மெக்கீவன். 1980இல் அங்கே பட்டம் வாங்கிய கசுவோ இஷிகுரோவுக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தப் பெயர்களைப் பார்த்து மயங்கிச் சேருவதுதான் முதல் தவறு. நானும் அப்படித்தான் சேர்ந்தேன். நான் படித்தது இங்கிலாந்திலேயே வேறொரு பல்கலைக்கழகம், பெயர் வேண்டாம்.

இரண்டாவது, எது எந்தப் படிப்பு என்று தெரியாமல் விண்ணப்பிப்பது. "அசோகமித்திரனே அயோவா போய்ப் படித்தாரே" என்று ஒரு நண்பர் சொன்னார். போனார், ஆனால் படிக்கப் போகவில்லை. 1973இல் அவர் போனது அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்திலுள்ள பன்னாட்டு எழுத்தாளர் திட்டத்துக்கு. ஏற்கெனவே எழுதிக்கொண்டிருப்பவர்களைப் பல நாடுகளிலிருந்து அழைத்துச் சில மாதங்கள் தங்கவைக்கும் ஏற்பாடு அது. பட்டமெல்லாம் கிடையாது. அந்த நாட்கள்தான் பிறகு அவருடைய 'ஒற்றன்' நாவல் ஆயின. அதே பல்கலைக்கழகத்தில் 1936இல் தொடங்கிய எழுத்தாளர் பட்டறை தனி. அங்கே இரண்டு வருடம் உட்கார்ந்து எம்.எஃப்.ஏ. (Master of Fine Arts) என்ற முதுகலைப் பட்டம் வாங்கலாம்.

அமெரிக்க எம்.எஃப்.ஏ. பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று வருடம். இளங்கலை மாணவர்களுக்குப் பாடம் நடத்தினால் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, மாதாமாதம் உதவித்தொகையும் தரும் இடங்கள் உண்டு. இடம் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. பிரிட்டனில் முழுநேர எம்.ஏ. ஒரே வருடம், செலவு பெரும்பாலும் நம் கையிலிருந்து. மனைவியையோ கணவனையோ கூட்டிக்கொண்டு போகலாம் என்ற கணக்கும் இப்போது உதவாது. 2024 ஜனவரி முதல் தொடங்கும் இத்தகைய வகுப்புவழி முதுகலைகளுக்கு அங்கே குடும்ப விசா பொதுவாகக் கிடையாது. வீட்டை அடமானம் வைத்து இந்தப் படிப்புக்குப் போகாதீர்கள். இது சம்பளத்தை உயர்த்தும் பட்டம் இல்லை.

தமிழில் மட்டும் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வகுப்பு, கதை, கட்டுரை எல்லாம் ஆங்கிலத்தில்தான். 'போய்ச் சமாளித்துக்கொள்ளலாம்' என்று நினைப்பவர்கள் பக்கத்துக் கதவையும் தட்டிப் பார்க்கலாம். அதே நாரிச்சில் 1989இல் ஜெர்மன் எழுத்தாளர் டபிள்யூ.ஜி. சீபால்ட் தொடங்கிய இலக்கிய மொழிபெயர்ப்பு மையம் இருக்கிறது. மொழிபெயர்ப்புக்கென்றே தனி எம்.ஏ.வும் நடக்கிறது. அங்கே தமிழ் நமக்குச் சுமை இல்லை, சொத்து.

விண்ணப்பத்தோடு சில ஆயிரம் சொற்களில் எழுத்து மாதிரி கேட்பார்கள். முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதுதான். நம்மவர்கள் அதை ஒரே இரவில் தயாரித்துவிட்டு, ஏன் இந்தப் படிப்பு என்று சொல்லும் நோக்க அறிக்கையை ஒரு மாதம் செதுக்குகிறார்கள். அதிலும் முதல் வரி 'சின்ன வயதிலிருந்தே எழுத்து என் மூச்சு'. அந்த வரியை என் விண்ணப்பத்திலும் எழுதியிருந்தேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. கடைசியாகப் படித்த புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் எரிச்சல் வந்தது, ஏன் வந்தது என்று எழுதியிருந்தால் என்னைப் பற்றி அதைவிடத் தெரிந்திருக்கும்.

சரி, இடம் கிடைத்தாயிற்று. பெரிய தவறுகள் பட்டறை வகுப்பில்தான் நடக்கின்றன. முறை எளிது. உங்கள் கதையை முன்கூட்டியே எல்லோருக்கும் அனுப்பிவிட வேண்டும். வகுப்பன்று அவர்கள் அதைப் பற்றிப் பேசுவார்கள், நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. (இந்த வாய்ப்பூட்டு விதி பல இடங்களில் இப்போது தளர்ந்துவிட்டது. எங்கள் வகுப்பில் தளரவில்லை.)

என் முதல் கதையில் ஒரு பாட்டி இறந்துவிடுவார். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த அத்தை ஒரு நகைப்பெட்டியைத் தேடுவாள். பதினோரு பேர் படித்தார்கள். ஏழு பேர், 'பதினாறாம் நாள் என்றால் என்ன?' என்று ஓரத்தில் எழுதியிருந்தார்கள். நான் பயந்துபோய் இரவோடு இரவாகத் திருத்தினேன். புதிய பிரதியில் அத்தை தன் தம்பியிடம், "இன்று அம்மா இறந்து பதினாறாவது நாள். ஆன்மா சாந்தியடைய இன்றுதானே சடங்கு செய்வோம்" என்று சொன்னாள். அடுத்த வகுப்பில் ஆசிரியர் அந்த வரியைச் சுட்டிக்காட்டி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "இதை அவள் யாரிடம் சொல்கிறாள்? தம்பிக்குத் தெரியாதா?"

கதையில் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் யாருக்கும் தேவைப்படாத வசனம் அது. வகுப்பில் உட்கார்ந்திருந்த ஏழு பேருக்காக என் அத்தை சுற்றுலா வழிகாட்டி ஆகிவிட்டாள். கடைசியில் அந்த வரியை எடுத்துவிட்டு, வாசலில் கழற்றிவிட்ட செருப்புகளின் எண்ணிக்கையையும், இலை போதவில்லை என்று யாரோ கத்துவதையும் வைத்தேன். 'என்ன நாள் இது?' என்று அதற்கப்புறம் ஒருவரும் கேட்கவில்லை.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: 'இவர்களுக்கு நம் ஊர் புரியாது' என்று எல்லா விமர்சனத்தையும் தள்ளிவிடுவது. அதையும் செய்தேன். இரண்டாவது கதையில் நாலாம் பக்கம் இழுக்கிறது என்று ஆறு பேர் சொன்னார்கள். மூன்று பேர் அம்மாவின் பாத்திரத்தையே நீக்கச் சொன்னார்கள். அம்மாவைப் புரிந்துகொள்ள இவர்களுக்கு வக்கில்லை என்று முறைத்துக்கொண்டு திரிந்தேன். ஒரு மாதம் கழித்துத்தான் விளங்கியது. ஒளித்துவைத்த கடிதத்தில் என்ன இருக்கிறது என்பதை இரண்டாம் பக்கத்திலேயே உளறியிருந்தேன். அப்புறம் நாலாம் பக்கத்தை எவன் படிப்பான்? ஆறு பேர் ஒரே இடத்தில் தடுக்கினால் பாதையில் கல் இருக்கிறது என்பது உறுதி. ஆனால் அவர்கள் சொல்லும் வைத்தியம் பெரும்பாலும் தப்பு. மூன்று பேரின் பேச்சைக் கேட்டிருந்தால் அம்மா போயிருப்பாள், கல் அங்கேயே கிடந்திருக்கும்.

இன்னொன்று, தன் கதை பேசப்படாத வாரங்களை விடுமுறையாக நினைப்பது. ஒரு பருவத்தில் உங்கள் முறை இரண்டோ மூன்றோ தடவைதான் வரும். மற்ற வாரங்களில் அடுத்தவர் கதையைப் பேருந்தில் புரட்டிவிட்டு 'நன்றாக இருந்தது' என்று சொல்லிவிட்டு வரலாம், வகுப்பில் பாதிப் பேர் அதைத்தான் செய்தார்கள். அரைவேக்காட்டுக் கதை ஏன் நிற்கவில்லை என்று கண்டுபிடிப்பது அச்சான புத்தகத்தைப் படித்து வராது. அச்சான புத்தகம் கட்டி முடித்த வீடு மாதிரி, சுற்றிக் கட்டிய சாரத்தைப் பிரித்து எடுத்திருப்பார்கள். கட்டுமானம் தெரிவது சக மாணவரின் கதையில்தான்.

கடைசியாக ஆய்வேடு. பல இடங்களில் 15,000 சொல் அளவில் புனைவு, கூடவே தன் எழுத்தைப் பற்றி ஒரு விளக்கக் கட்டுரை. கட்டுரைக்குத் தனி மதிப்பெண் உண்டு என்பதை மறந்து கடைசி வாரத்தில் எழுதுகிறார்கள். புனைவில், நாவலின் முதல் அத்தியாயத்தையே அக்டோபரிலிருந்து ஆகஸ்ட் வரை மெருகேற்றிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் துறையில் நடுப்பகுதியையும் கொடுக்கலாம், முன்கதையை ஒரு பக்கத்தில் சுருக்கி வைத்தால் போதும். இந்த விதி மாணவர் கையேட்டில் இருந்தது. நான் கையேட்டைத் திறந்தது ஜூலையில்.