ஸ்கூல் வாசல் கடை நொறுக்கு: நீலகிரி பெத்தவங்க என்ன பண்ணலாம்

நொறுக்குத் தீனிக்கு கவர்மெண்ட் விதி போடுதுன்னு சொன்னா, "என் காசு என் வயிறு, இதுல கவர்மெண்டுக்கு என்ன வேலை"ன்னு சிலர் கேக்குறாங்க. பெரியவங்க விஷயத்துல எனக்கும் அதேதான் எண்ணம், காலையில இருந்து தேயிலை பறிச்சுட்டு வந்து உக்காந்து டீயில ரெண்டு வர்க்கி முக்கி சாப்பிடுறவங்களை எந்த ஆபீசரும் கேள்வி கேக்க வேண்டியதில்ல. ஆனா அந்த டீத்தூள்ல கலர் கலந்திருந்தா, வர்க்கிக்குப் போட்ட டால்டாவுல இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் ஃபேட்ங்கிற கொழுப்பு அதிகமா இருந்தா, அது அவங்க எடுத்த முடிவா? அவங்களுக்கு தெரியவே தெரியாதே. அதனாலதான் எண்ணெய், கொழுப்புல டிரான்ஸ் ஃபேட் 2 சதவீதத்துக்கு மேல போகக்கூடாதுன்னு 2022 ஜனவரியில இருந்து மத்திய அரசோட உணவு பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ விதி இருக்கு, அது சரின்னுதான் நான் சொல்வேன். எட்டு வயசுப் பிள்ளை பத்து ரூபாயோட ஸ்கூல் வாசல்ல நிக்கிறப்போ "அது அவன் இஷ்டம்"னு விடுறதும் நியாயமில்ல. அங்க பெத்தவங்க நாமதான் எறங்கணும்.

முதல்ல பாக்கெட்டை திருப்பிப் பாத்து பழகுங்க. முன்பக்கம் பழம் படம், பால் கிளாஸ் படம்னு என்ன வேணா இருக்கும், அதை விடுங்க. பின்னாடி என்னென்ன சேத்திருக்காங்கன்னு போட்டிருக்குற லிஸ்ட்ல எடையில எது அதிகமோ அதுதான் முதல்ல வரணும், அதனால சர்க்கரை ரெண்டாவது இடத்துல இருந்தாலே விஷயம் புரிஞ்சிடும். அடுத்து 100 கிராமுக்கு எவ்ளோன்னு இருக்குற டேபிள். கூல்ட்ரிங்ஸை எடுத்துக்குங்க, 100 மில்லிக்கு 10, 11 கிராம் சர்க்கரை சாதாரணமா இருக்கும், 250 மில்லி பாட்டில்னா 26 கிராம் கிட்ட வருது, அஞ்சாறு டீஸ்பூன். லேபிள்ல போடுற கணக்குப்படி பெரிய ஆளுக்கே ஒரு நாளைக்கு சேத்த சர்க்கரை 50 கிராம்தான், அதுல பாதிய ஒரு சின்னப் பிள்ளை பஸ்ஸுக்கு நிக்கிற நேரத்துல குடிச்சு முடிச்சிடுது. உப்புன்னு தனியா போட்டிருக்க மாட்டாங்க, சோடியம்னுதான் இருக்கும், அதை ரெண்டரையால பெருக்குனா உப்பு. 2000 மில்லிகிராம் சோடியம்னா 5 கிராம் உப்பு, ஒரு நாளைக்கு மொத்தமே அவ்ளோதான்.

இன்னொண்ணு, மலைப்பாதையில பர்லியார் வளைவுல வாந்தி எடுத்து சோந்து போன பிள்ளைக்குன்னு மெடிக்கல்ல ஓஆர்எஸ், அதாவது தண்ணியில கரைச்சுக் குடுக்குற உப்பு சர்க்கரைப் பவுடர் வாங்குறோம்ல, உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவுல தயாரிச்ச பவுடரான்னு பாத்து வாங்குங்க. வெறும் சர்க்கரைத் தண்ணி டப்பாவுக்கு அந்தப் பேரை வைக்கக்கூடாதுன்னு 2025 அக்டோபர்லதான் எஃப்எஸ்எஸ்ஏஐ கறாரா சொல்லுச்சு, அதுவரைக்கும் எத்தனை பேரு மருந்துன்னு நம்பி வாங்கிக் குடுத்திருப்போம். வேணாம்னு சொல்ற உரிமை நம்மகிட்ட இருந்தும் பேரே பொய்யா இருந்தா அதை வச்சு என்ன செய்ய முடியும்.

இப்ப ஸ்கூலுக்கு வருவோம். கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமா இருக்குற ஐட்டத்தை ஸ்கூல் கேன்டீன்லயும் கேட்ல இருந்து 50 மீட்டருக்குள்ளயும் விக்கக்கூடாதுன்னு 2020லயே விதி வந்தாச்சு. நம்ம ஊர்ல 50 மீட்டர்னா படிக்கட்டு எறங்கி ரோட்டுக்கு வந்தா இருக்குற முதல் பெட்டிக்கடையே அதுக்குள்ள வந்துடும், சரம் சரமா சிப்ஸ் பாக்கெட் பிள்ளைங்க கண்ணுக்கு நேரா தொங்கும். ஆனா எடுத்ததும் கம்ப்ளைன்ட் எழுதாதீங்க, அந்தக் கடை அக்காவுக்கு அதுதான் பொழப்பு. ரெண்டு மூணு அம்மாக்கள் சேந்து போயி "அக்கா, கடலை மிட்டாய், சுண்டல், அவிச்ச சோளம், வெட்டுன கேரட் வச்சீங்கன்னா எங்க பிள்ளைங்கள வாங்கச் சொல்றோம்"னு பேசுங்க, சொன்ன மாதிரியே பிள்ளைங்க கையில காசும் குடுத்து விடுங்க, இல்லன்னா அடுத்த வாரமே பழைய சரம் திரும்ப தொங்கும், அவங்களை குத்தம் சொல்லவும் முடியாது. நம்ம மாவட்டத்துல பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலை தடை பண்ணப்போ காசு போட்டா குடிதண்ணி வர்ற தண்ணி ஏடிஎம்மும் வச்சாங்கல்ல, எடுத்த இடத்துல வேற ஒண்ண வைக்கணும்.

கவர்மெண்ட் ஸ்கூலா இருந்தா பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துல இதை தீர்மானமா போடச் சொல்லுங்க, அந்தக் குழுவுல பெத்தவங்கதான் அதிகம் பேரு, நாம பேசுனா எடுபடும். பொறந்தநாளுக்கு கிளாஸ் பூரா சாக்லேட் குடுக்குறதையும் அதே கூட்டத்துல பேசிடுங்க. ஊட்டியில கிலோ கணக்குல அள்ளிப் போடுற ஹோம்மேட் சாக்லேட் வாங்குறவங்க இதுல கொக்கோ கொட்டையில எடுத்த கொக்கோ பட்டரா, வேற வெஜிடபிள் ஃபேட்டான்னு ஒரு வார்த்தை கேளுங்க, எப்ப செஞ்சதுன்னும் கேளுங்க.

கலப்படம், காலாவதி மட்டும் வேற கதை, அதுல சமாதானமே கிடையாது. பில் வாங்குங்க, பேட்ச் நம்பரும் 14 இலக்க லைசென்ஸ் நம்பரும் தெரியுற மாதிரி போட்டோ எடுத்து மாவட்ட உணவு பாதுகாப்பு நியமன அலுவலருக்கு எழுத்துல குடுங்க. நீங்களே காசு கட்டியும் டெஸ்ட் பண்ணலாம், உணவு பாதுகாப்பு சட்டத்துல 40வது பிரிவு அதுக்குத்தான் இருக்கு. ஆனா ஆய்வுக்கு அனுப்பப் போறேன்னு வாங்கும்போதே கடைக்காரர்கிட்ட சொல்லிடணும், அதை மறந்துடாதீங்க.