ஜேஷெல், பிரவுசர் கன்சோல்: ஒரே வரியை இரண்டிலும் அடித்துப் பாருங்கள்

காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் கோடிங் கற்கும் தம்பி தங்கைகள் பலரிடம் இருப்பது அரசு கொடுத்த லேப்டாப், இல்லையென்றால் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அதில் நிரல் எழுதும் எக்லிப்ஸ் மென்பொருளைத் திறப்பதற்குள் ஆர்வமே வடிந்துவிடும். ஒரு வரியைச் சோதித்துப் பார்க்க அவ்வளவு பெரிய மென்பொருள் வேண்டாம். ஜாவாவுக்கு ஜேஷெல், ஜாவாஸ்கிரிப்டுக்கு பிரவுசர் கன்சோல், இரண்டு போதும். இரண்டுமே ஒரு வரி அடித்தால் உடனே விடை காட்டும்.

முதலில் இரண்டையும் திறந்துகொள்வோம். ஜேஷெல் 2017-இல் ஜாவா 9-உடன் வந்தது. அதற்குப் பிறகு வந்த எந்த ஜேடிகே (ஜாவா நிரல் எழுதத் தேவையான கருவித் தொகுப்பு) போட்டிருந்தாலும் அது உங்கள் கணினியில் இருக்கும். கட்டளை அடிக்கும் டெர்மினலில் jshell என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி விடாமல் அடித்து என்டர் தட்டுங்கள். அப்புறம் குரோமைத் திறந்து எஃப்12 அழுத்தி, கன்சோல் தாவலுக்குப் போங்கள்.

இப்போது இரண்டிலும் இதை அடியுங்கள்:

7 / 2

கன்சோல் 3.5 என்னும். ஜேஷெல் 3 என்னும். ஏழு கிலோ சங்கராவை இரண்டு பேர் பிரித்தால் ஆளுக்கு மூன்றரை வர வேண்டும். ஜாவாவில் அந்த அரை கிலோ காணாமல் போகிறது. இரண்டு பக்கமும் முழு எண் என்றால் ஜாவா விடையையும் முழு எண்ணாகவே வெட்டிவிடும். 7.0 / 2 என்று ஒரு பக்கம் புள்ளி வைத்தால் 3.5 கிடைக்கும். ஆனால் புள்ளியை எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம். 7 / 2 * 2.0 அடித்தால் 7.0 வராது, 6.0 தான் வரும். வெட்டு முதலிலேயே விழுந்துவிட்டது, பிறகு புள்ளி வந்து என்ன பயன்?

அடுத்தது:

'1' + 1

கன்சோல் இரண்டையும் ஒட்டி '11' என்று காட்டும். ஜேஷெல் 50 என்று காட்டும். ஜாவாவில் ஒற்றை மேற்கோளுக்குள் இருப்பது ஓர் எழுத்து. '1' என்ற எழுத்தின் யூனிகோட் எண் 49, அதோடு 1 கூடி 50. இரட்டை மேற்கோள் போட்டால் ஜாவாவும் "11" என்றே ஒட்டும்.

இனி கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியது:

2147483647 + 1

கன்சோலில் சரியான விடை வரும். ஜேஷெல்லில் -2147483648. ஜாவா முழு எண்ணை வைக்கும் இன்ட் வகை 32 பிட் கொண்டது. அதன் உச்சத்தைத் தாண்டினால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் மறுகோடிக்குப் போய்விடும். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைக்கு பில்லிங் எழுதுகிறீர்கள், தொகையை பைசாவில் வைக்கிறீர்கள் என்று வையுங்கள். மொத்த விற்பனை 2 கோடியே 14 லட்சத்து 74 ஆயிரத்துச் சொச்சம் ரூபாயைத் தாண்டியதும் கணக்கு மைனஸில் நிற்கும். எண்ணின் முடிவில் ஆங்கிலப் பெரிய எல் சேர்த்தால் அது இன்னும் பெரிய முழு எண்ணைத் தாங்கும் லாங் வகையாகிவிடும், சிக்கல் தீர்ந்தது.

பைசாவில் ஏன் வைக்க வேண்டும் என்று கேட்டால், 0.1 + 0.2 அடியுங்கள். இரண்டு மொழியும் ஒரே மாதிரி 0.30000000000000004 என்னும். 0.1-ஐ இரும எண்ணில் முழுமையாக எழுத முடியாது, அதனால்தான். பணத்தை டபுளில் (ஜாவாவின் புள்ளி எண் வகை) வைக்கவே வைக்காதீர்கள். பைசாவாக லாங்கில் வையுங்கள், அல்லது ஜாவாவில் புள்ளி எண்ணைத் துல்லியமாக வைக்கும் பிக்டெசிமல் பயன்படுத்துங்கள்.

நேரம் மிச்சப்படுத்தச் சில வழிகள். ஜேஷெல்லில் /! அடித்தால் கடைசி வரி மறுபடி ஓடும். விடைக்கு முன்னால் $1, $2 என்று ஒரு பெயர் வருகிறதே, அதையே அடுத்த கணக்கில் போடலாம்: $1 * 10. குரோம் கன்சோலில் $_ என்பது கடைசி விடை. சொல்லைப் பாதி அடித்து டேப் தட்டினால் மீதியை ஜேஷெல்லே நிரப்பும். வெளியே வர கன்ட்ரோலும் டியும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: யாரோ அனுப்பிய புரியாத வரியைக் கன்சோலில் ஒட்டாதீர்கள், முக்கியமாக வங்கிப் பக்கமோ மெயிலோ திறந்திருக்கும்போது. நீங்கள் லாகின் செய்திருக்கும் கணக்கில் உங்கள் பெயரிலேயே அது வேலை செய்யும்.

பயிற்சிக்கு 5 / 0 அடித்துப் பாருங்கள். கன்சோல் இன்ஃபினிட்டி என்னும், ஜேஷெல் பிழை காட்டும். பிறகு ஜேஷெல்லில் 5.0 / 0 அடியுங்கள், அதுவும் இன்ஃபினிட்டி என்னும்.