அடையாள அட்டை இல்லாமல் இணையத்தில் வயதை நிரூபிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வயது சரிபார்ப்பில் மாட்டிக்கொண்டு கணக்கைத் திறக்க முடியாமல் தவிப்பவர்களுக்கு உதவும் வேலையில் கொஞ்ச காலமாக இருக்கிறேன். அண்மையில் சில புதியவர்கள் எங்களோடு சேர்ந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால், நாங்கள் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகளை அப்படியே செய்கிறார்கள். நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். ஆனால் அதனால் கணக்கை இழப்பவர் எதிரே உட்கார்ந்திருப்பவர். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

படம் மங்கலாக இருக்கிறது, அட்டையின் ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது என்பதையெல்லாம் திரையே சொல்லிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

அடையாள அட்டை இல்லாதவர்கள் என்றதும் எங்கோ மூலையில் இருக்கும் ஒரு சிலர் என்று நினைக்க வேண்டாம். அதிகாரபூர்வ அடையாள ஆவணம் எதுவுமே இல்லாதவர்கள் உலகில் ஏறத்தாழ 80 கோடிப் பேர் என்பது உலக வங்கியின் மதிப்பீடு. இதுபோக, ஆவணம் இருந்தும் உதவாதவர்கள் நிறைய. பாஸ்போர்ட் காலாவதியானவர், பெயர் மாற்றிக்கொண்டு புது அட்டைக்குக் காத்திருப்பவர், வயதாகி வண்டி ஓட்டுவதை நிறுத்தியதால் லைசென்ஸைப் புதுப்பிக்காத பெரியவர், கையில் இருக்கும் அட்டை அந்தத் தளத்தின் பட்டியலிலேயே இல்லாத அகதி. இவர்கள் எல்லோருக்கும் வயது இருக்கிறது. அதைக் காட்டும் அட்டைதான் இல்லை.

அட்டை மட்டும்தான் வழி என்று நினைப்பது

திரையில் முதலில் தெரிவது 'அடையாள அட்டையைப் பதிவேற்றவும்' என்ற பொத்தான்தான். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 'வேறு வழி' என்று ஒன்று இருக்கும். புதியவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை.

தளம் உங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: இந்த வயதைத் தாண்டிவிட்டீர்களா? நீங்கள் யார் என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகினால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

பிரிட்டனில் ஆபாசம் போன்ற, சிறுவர்களுக்குத் தீங்கான உள்ளடக்கம் இருக்கும் தளங்களில் 2025 ஜூலை 25 முதல் இந்தச் சரிபார்ப்பு கட்டாயமானது. அங்குள்ள கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காம் ஏற்றுக்கொள்ளும் வழிகளில் அடையாள அட்டையும் ஒன்று, அவ்வளவுதான். முகத்தைப் பார்த்து வயதை மதிப்பிடுவது, வங்கியே ஆம் அல்லது இல்லை என்று சொல்வது, மொபைல் நிறுவனம் உறுதிசெய்வது, கிரெடிட் கார்டு, மின்னஞ்சல் முகவரியை வைத்து மதிப்பிடுவது எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் கீழானவர்கள் சமூக வலைத்தளக் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்ற சட்டம் 2025 டிசம்பர் 10 அன்று அமலுக்கு வந்தது. அதே சட்டம், அரசு அடையாள அட்டையை மட்டுமே ஒரே வழியாக வைக்கக் கூடாது, மாற்று வழியும் தர வேண்டும் என்று தளங்களுக்குச் சொல்கிறது.

இதில் இரண்டு இடங்களில் கால் இடறும். ஒன்று, டெபிட் கார்டைக் கொடுத்துப் பார்ப்பது. பிரிட்டனில் கிரெடிட் கார்டு 18 வயது நிறைந்தவர்களுக்குத்தான் தருவார்கள். டெபிட் கார்டு சிறுவர்களிடமும் இருக்கும். அதனால் அது வயதுக்கு ஆதாரமாகாது. இரண்டாவது, இதற்கென்றே புதிதாக ஒரு மின்னஞ்சல் முகவரி தொடங்குவது. மின்னஞ்சல் வழிச் சரிபார்ப்பு என்பது அந்த முகவரி இதற்கு முன் எங்கெல்லாம் பயன்பட்டிருக்கிறது என்று பார்த்து வயதைக் கணிக்கும் முறை. நேற்றுத் தொடங்கிய முகவரிக்கு வரலாறே கிடையாது. மின்கட்டண ரசீது வரும் பழைய முகவரி ஒன்று இருந்தால் அதைத்தான் கொடுக்க வேண்டும்.

செல்ஃபியைத் திரும்பத் திரும்ப எடுப்பது

முக மதிப்பீடு சரியான வயதைச் சொல்வதில்லை. சில வருடங்கள் முன்னே பின்னே போகும். அதனால் தளங்கள் இடைவெளி விட்டு எல்லைக்கோட்டை வைக்கின்றன. 18 கேட்கிறார்கள் என்றால், குறைந்தது 20, 25 என்று கணிக்கப்படும் முகத்தைத்தான் மேற்கொண்டு கேள்வி கேட்காமல் விடுவார்கள். 45 வயதுக்காரருக்கு இது பெரும்பாலும் ஒரு நிமிட வேலை. 19 வயதுப் பிள்ளைக்கு இது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி 2024 மே மாதம் வெளியிட்ட சோதனை முடிவில், எல்லா வகையிலும் சிறந்தது என்று சொல்ல எந்த மென்பொருளும் இல்லை. பெண்களின் முகத்தில் பிழை கிட்டத்தட்ட எப்போதுமே கூடுதலாக இருந்தது. ஆகவே இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கும் ஒரு பெண்ணை இயந்திரம் மறுத்தால், அது அவருடைய தவறு இல்லை. அவரை விதவிதமாகத் தலையைத் திருப்பச் சொல்லி முயன்றுகொண்டே இருப்பதுதான் தவறு. வாய்ப்புகள் முடிந்ததும் பல தளங்களில் அந்த வழி பூட்டிக்கொள்ளும். முதல் செல்ஃபிக்கு முன்பே, இது தவறினால் அடுத்த வழி என்ன இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் முகத்தின் முன்னாலிருந்து விழட்டும், கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள், ஃபில்டர் எதுவும் வேண்டாம்.

வேறொருவருடைய அட்டையைக் கொடுப்பது

இதைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் கோபம் வருகிறது. அட்டை இல்லாதவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. 'என்னுடையதைப் போட்டு முடித்துவிடலாம்' என்று பக்கத்திலிருந்து சொல்பவர் மேல்தான்.

ஒரு பெரியம்மா எங்களிடம் வந்தார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். பிறந்த தேதி போட்ட அட்டை எதுவும் அவரிடம் இல்லை. அவருடைய சமூக வலைத்தளக் கணக்கு வயதைக் கேட்டபோது, உதவ வந்த மருமகன் தன் லைசென்ஸைப் படம் எடுத்துப் பதிவேற்றிவிட்டார். பெயர் பொருந்தவில்லை என்று மறுப்பு வந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவர் கணக்கின் பெயரைத் தன் பெயருக்கு மாற்றினார், பிறந்த தேதியை மாற்றினார், முகப்புப் படத்தையும் மாற்றினார். மறுபடி அனுப்பியதும் ஏற்றுக்கொண்டார்கள். பிறகு அந்தம்மாவின் பெயரையும் படத்தையும் திரும்பப் போட்டுவிட்டார். எல்லாருக்கும் சந்தோஷம்.

சில மாதங்கள் கழித்து அந்தம்மாவின் போன் தொலைந்துபோனது. புது போனில் கணக்கைத் திறக்கப் போனால், முன்பு உறுதிசெய்த ஆவணத்தைக் காட்டு என்று தளம் கேட்டது. மருமகன் அப்போது வெளிநாட்டில். அந்த லைசென்ஸும் காலாவதி. அவரிடமிருந்து புது ஆவணத்தை வாங்கி அனுப்பினாலும், கணக்கில் இருக்கும் பெயர் வேறு. அந்தம்மா தன் பெயரில் எதை அனுப்பினாலும், உறுதிசெய்யப்பட்ட ஆள் வேறு. இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டது. காலமான கணவர் அனுப்பிய குரல் பதிவுகள் அந்தக் கணக்கில்தான் இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லை. அதை நாங்கள் மீட்கவே முடியவில்லை.

அறுபதைத் தாண்டிய முகம் அது! 'வேறு வழி' என்ற வரியை அழுத்தி ஒரு செல்ஃபி எடுத்திருந்தால் எந்த இயந்திரமும் தயங்கியிருக்காது.

உதவுபவர்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். அட்டையைப் பதிவேற்றும் அந்த நொடியில் நீங்கள் வயதை மட்டும் சொல்வதில்லை, இந்தக் கணக்கு யாருடையது என்பதையும் சேர்த்து எழுதிக் கொடுக்கிறீர்கள். இனிமேல் அந்தக் கணக்கில் எந்தச் சிக்கல் வந்தாலும் அந்த எழுத்துதான் பேசும். ஒரே அட்டை இரண்டு கணக்குகளில் வந்தது தெரிந்தால், அட்டையின் சொந்தக்காரருடைய கணக்கும் சேர்ந்து முடங்கலாம். பிறருடைய அடையாள ஆவணத்தைத் தன்னுடையது என்று காட்டுவது பல நாடுகளில் குற்றம் என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 'அம்மாதானே', 'அண்ணன்தானே' என்ற உறவு எதையும் இயந்திரம் பார்க்காது.

கிரெடிட் கார்டுக்கும் இதே கதைதான். அப்பாவின் கார்டைக் கொடுத்தால் நிரூபணமாவது அப்பாவின் வயது.

ஏற்கெனவே இப்படிச் செய்துவிட்டீர்கள் என்றால், கணக்கு திறந்திருக்கும்போதே படங்களையும் செய்திகளையும் தரவிறக்கி வையுங்கள். பெரும்பாலான தளங்களில் 'உங்கள் தகவலின் பிரதி' என்று ஒரு வசதி இருக்கும். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

சரிபார்ப்புக்கு முன் பிறந்த தேதியைத் திருத்துவது

எப்போதோ கணக்குத் தொடங்கும்போது வாய்க்கு வந்த தேதியைப் போட்டிருப்பார்கள். இப்போது கேள்வி வந்ததும் பதறிப்போய் அமைப்புகளுக்குள் நுழைந்து மாற்றுவார்கள். தளத்தின் கண்ணுக்கு இது எப்படித் தெரியும்? நேற்றுவரை பதினைந்து, கேட்டதும் இருபத்தொன்று. அந்த மாற்றமே சந்தேகத்தைக் கிளப்பும். சில தளங்களில் தேதியை ஒருமுறை மாற்றினால் மறுபடி மாற்ற உடனே விடமாட்டார்கள். முதலில் சரிபார்ப்பு முடியட்டும். தேதி தவறு என்றால் அதை மேல்முறையீட்டில் சொல்லித் திருத்திக்கொள்ளலாம்.

பிறந்த தேதியே தெரியாதவர்கள் விஷயம் வேறு. பிறப்பைப் பதிவுசெய்யாத இடங்களிலிருந்து வந்த பலருக்கு, ஆவணத்தில் ஜனவரி 1 என்றுதான் போட்டிருப்பார்கள். ஆப்கானிஸ்தான், சோமாலியா, சூடானிலிருந்து போன அகதிகள் பலரின் அட்டைகளில் இதைப் பார்க்கலாம். வீட்டில் சொன்ன தேதி ஒன்று, அட்டையில் ஜனவரி 1, கணக்கில் மூன்றாவதாக ஒன்று என்று இருந்தால் எந்தச் சரிபார்ப்பும் தேறாது. கையில் இருக்கும் ஒரே காகிதத்தில் என்ன தேதியோ, அதையே எல்லா இடத்திலும் கொடுங்கள். மனசுக்குச் சங்கடமாக இருக்கும், தெரியும். ஆனாலும் அந்த ஒரே தேதிதான் உங்களைக் காப்பாற்றும்.

நாளும் மாதமும் இடம் மாறுவதையும் கவனியுங்கள். 03/04 என்பது ஒரு தளத்துக்கு ஏப்ரல் 3, இன்னொன்றுக்கு மார்ச் 4.

காலாவதித் தேதியை மறைத்து அனுப்புவது

வேண்டாம். திருத்திய ஆவணம் என்று பதிவாகிவிடும்.

விபிஎன்

வேறு நாட்டில் இருப்பதுபோல் காட்டும் இந்த மென்பொருளை வைத்துப் பூட்டைத் தாண்டலாம், வயது நிரூபணமாகாது. நடுவில் நாடு மாறியது தெரிந்தால் கணக்கு கூடுதல் சோதனைக்குப் போகும்.

இருப்பதையெல்லாம் அனுப்பிவிடுவது

அட்டை இல்லாதவர்களுக்கு ஒரு பயம் உண்டு: நம்மை நம்ப மாட்டார்கள் என்று. அதனால் பள்ளிச் சான்றிதழ், மருத்துவக் கோப்பு, வங்கிக் கணக்கு அறிக்கை, காலாவதியான பாஸ்போர்ட் என்று ஒரே மின்னஞ்சலில் கொட்டிவிடுவார்கள். கேட்டது வயது. கொடுத்தது வாழ்க்கை முழுவதும்.

2025 அக்டோபரில் டிஸ்கார்ட் என்ற அரட்டைத் தளம் ஒரு விஷயத்தை வெளியே சொன்னது. அவர்களுக்காக வாடிக்கையாளர் சேவை பார்த்த வெளி நிறுவனத்தில் புகுந்தவர்கள், சுமார் 70,000 பயனர்களின் அரசு அடையாள அட்டைப் படங்களைப் பார்த்திருக்கலாம். வயது குறித்த மேல்முறையீட்டுக்காக மக்கள் அனுப்பிய படங்கள் அவை. அனுப்பிய படத்தைத் திரும்ப வாங்க முடியாது.

மறைப்பதிலும் கவனம் தேவை. பாஸ்போர்ட் படப் பக்கத்தின் அடியில் அம்புத்தலைக் குறிகள் நிறைந்த இரண்டு வரிகள் இருக்கும். இரண்டாவது வரியில் பாஸ்போர்ட் எண், குடியுரிமை, பிறகு பிறந்த தேதி ஆறு இலக்கமாக வரும். 1987 மார்ச் 4 என்றால் 870304. பலர் மேலே இருக்கும் எண்ணை மட்டும் கறுப்படித்துவிட்டு இந்த வரியை அப்படியே விடுகிறார்கள். எண் அங்கே தெளிவாகக் கிடக்கிறது. அதையும் மறைத்துவிட்டால் தானியங்கிச் சரிபார்ப்பு படிக்க முடியாமல் மறுத்துவிடும். ஆகவே, மறைக்கலாமா என்று தளத்தின் உதவிப் பக்கத்தில் முதலில் பாருங்கள். அனுமதி இல்லை என்றால் பாஸ்போர்ட்டை விட்டு வேறு வழிக்குப் போங்கள். அனுமதி இருந்தால், எந்தத் தளத்துக்கு, எந்தத் தேதியில், எதற்காக அனுப்புகிறீர்கள் என்று படத்தின் குறுக்கே எழுதி அனுப்புங்கள்.

பணம் வாங்கிச் செய்து தருபவர்கள்

கிட்டேயே சேர்க்காதீர்கள். உங்கள் முகமும் ஆவணமும் அவர்கள் கையில் தங்கிவிடும்.

மறுத்ததும் விட்டுவிடுவது

முதல் மறுப்பு பெரும்பாலும் இயந்திரம் தருவது. மேல்முறையீடு என்ற பொத்தானுக்குப் பின்னால்தான் மனிதர் இருக்க வாய்ப்பு. ஆனால் அங்கே போய், அநியாயம், எத்தனை வருடக் கணக்கு தெரியுமா என்று பக்கம் பக்கமாக எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் பிடிபடாது.

நான் எழுதச் சொல்வது இவ்வளவுதான்: 'எனக்கு 18 வயது நிறைந்துவிட்டது. என்னிடம் செல்லுபடியாகும் புகைப்பட அட்டை இல்லை. முக மதிப்பீடு தவறாக மறுத்துவிட்டது. புகைப்பட அட்டைக்குப் பதிலாக எந்த ஆவணங்களை ஏற்பீர்கள் என்று சொல்லுங்கள், அதை அனுப்புகிறேன்.' எதையும் இணைக்காமல் முதலில் இதை மட்டும் அனுப்புங்கள். புகைப்பட அட்டைக்குப் பதிலாக இரண்டு சாதாரணக் காகிதங்களை ஏற்கும் தளங்கள் உண்டு. ஃபேஸ்புக்கின் பட்டியலில் நூலக அட்டைகூட இருந்திருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் படம் இருக்காது, ஆனால் தேதி இருக்கும். இன்னொரு காகிதத்தில் பெயர் பொருந்தினால் பல இடங்களில் போதும். பெயரின் எழுத்துக்கூட்டல் மட்டும் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். வேறு எழுத்துமுறையிலிருந்து மாற்றி எழுதிய பெயர்களில் ஒரு 'எச்' கூடுவதும் குறைவதும் சாதாரணம். அந்த வித்தியாசம் இருந்தால், இரண்டும் ஒரே ஆள் என்று நீங்களே முன்கூட்டி ஒரு வரி எழுதிவிடுங்கள்.

பதில் வந்ததும் அதன் கோரிக்கை எண்ணையும் ஏற்றுக்கொண்ட செய்தியையும் படம் எடுத்து, அந்தக் கணக்குக்கு வெளியே எங்காவது சேமித்து வையுங்கள். புது போனுக்கு மாறும்போது இதே சரிபார்ப்பு மறுபடியும் வரலாம். அப்போது கேட்கப்போவது அந்த எண்ணைத்தான்.