சந்தையை ஊர் கூடும் இடமாக மாற்ற: பென்சிலைத் தொடும் முன்பும் பின்பும்

பழைய சந்தையைப் புதுப்பிக்கும் வேலை வந்தால் முதல் சில நாட்கள் நான் எதையும் வரைவதில்லை. விடியலில் சரக்கு இறங்குவது முதல் இரவில் கடைசித் தார்ப்பாய் மடிக்கப்படும் வரை அங்கேயே நிற்பேன். சுமை இறக்கியவர் எங்கே உட்காருகிறார், கைக்குழந்தையோடு வந்தவர் எங்கே ஒதுங்குகிறார், எந்த வரிசையில் எப்போது வெயில் விழுகிறது, யார் எங்கே நின்று கதை பேசுகிறார்கள் என்று குறித்துக்கொள்வேன். நீங்களும் இப்படியே தொடங்குங்கள். சந்தையில் மக்கள் ஏற்கெனவே கூடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதைக் கலைக்காமல் வசதி செய்துகொடுப்பதுதான் நம் வேலை.

அடுத்தது வியாபாரிகள் பட்டியல். ரசீது வைத்திருக்கும் கடைக்காரர்களோடு, தரையில் விரித்து விற்பவர், தள்ளுவண்டிக்காரர், கூடைக்காரர் எல்லோரும் அதில் இருக்க வேண்டும். யார் பக்கத்தில் யார் என்பதையும் எழுதுங்கள். ஒருவர் சற்று நகர்ந்தால் பக்கத்துக் கடைக்காரர் பார்த்துக்கொள்ளும் உறவு பல ஆண்டுகளில் உருவானது. குலுக்கல் முறையில் இடம் ஒதுக்கினால் அது ஒரே நாளில் போய்விடும். வேலை முடிந்ததும் அதே இடம் அவர்களுக்குத்தான் என்று எழுத்தில் கொடுங்கள். சந்தை முழுவதையும் மூடாமல் பகுதி பகுதியாகக் கட்டுங்கள். வாடிக்கையாளர்கள் வேறிடம் பழகிவிட்டால் திரும்ப அழைப்பது கடினம்.

பார்சிலோனாவின் சாந்தா கதரீனா சந்தையைப் பாருங்கள். 2005-இல் மீண்டும் திறக்கப்பட்டபோது அலை அலையான வண்ண ஓட்டுக் கூரை புதிது. ஆனால் 19-ஆம் நூற்றாண்டுச் சுற்றுச்சுவரைப் பெருமளவு விட்டுவைத்தார்கள். பழகிய முகம் மாறாமல் உள்ளே வெளிச்சம் கூடியது.

என்னைக் கேட்டால், கூரையைவிடத் தரைக்கே அதிக அக்கறை தேவை. ஈரத்தில் வழுக்கினால் முதியவர்கள் வரமாட்டார்கள். தண்ணீர் தேங்கி நாறினால் யாரும் நிற்கமாட்டார்கள். சொரசொரப்பான கல்லைப் போட்டு, 80-க்கு 1 என்ற அளவில், அதாவது 80 சென்டிமீட்டர் நீளத்துக்கு 1 சென்டிமீட்டர் இறங்கும்படி, சாய்வு கொடுங்கள். வடிகாலை நடைபாதையின் நடுவில் ஓட்டாமல் கடை ஓரமாகக் கொண்டுபோங்கள். அதன் மேல்மூடியில் இடைவெளி 12 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கைத்தடியின் நுனி சிக்கும். கல் பதிக்கும் முன் சாய்வுத் தளத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். எங்கே தேங்குகிறதோ அங்கே அன்றே கொத்திச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

உட்காரும் இடத்தைப் பற்றி அமெரிக்க நகர ஆய்வாளர் வில்லியம் வைட் 1970-களில் நியூயார்க் சதுக்கங்களைப் படமெடுத்து ஆராய்ந்தார். உட்கார இடம் இருக்கும் இடத்தில்தான் மக்கள் உட்காருகிறார்கள் என்பது அவர் கண்டது. கேட்க எளிது, கட்டும்போது மறந்துவிடுகிறோம். நகர்த்தக்கூடிய நாற்காலிகளின் பயனையும் அவர் வலியுறுத்தினார். 45 சென்டிமீட்டர் உயரத்தில், நிழலில், நடமாட்டத்தைப் பார்த்தபடி ஓரமாகத் திண்டுகள் அமையுங்கள். நட்டநடுவில் போட்டால் முதுகுக்குப் பின்னால் ஆள் போய்க்கொண்டே இருப்பார்கள். யாரும் நிம்மதியாக உட்காரமாட்டார்கள்.

வியாபாரம் முடிந்தபின் ஊர் கூடுவதற்குச் சந்தை முற்றம் காலியாக வேண்டும் என்றால் அங்கே மடக்கு மேசைகளே போதும். குடிநீர்க் குழாய், விளக்கு, மின் இணைப்பு, கழிப்பறை இந்த நான்கும் இரவிலும் இயங்க வேண்டும். கழிப்பறைச் சாவி யாரிடம், முற்றத்தைக் கழுவுவது யார், மாலை நிகழ்ச்சிக்கு யாரிடம் அனுமதி கேட்பது என்பதை வியாபாரிகளும் குடியிருப்பவர்களும் சேர்ந்த ஒரு குழு திறப்பு விழாவுக்கு முன்பே முடிவுசெய்து, வாசலில் எழுதி வைக்கட்டும்.