பசுமைத் தொழிலுக்கு விளம்பரம்: லேபிளில் இருந்து தொடங்குங்கள்

சூழலைக் கெடுக்காத பொருளைச் செய்து விற்கத் தொடங்கியவர்கள் முதலில் கேட்பது, "நோட்டீஸை எந்தத் தாளில் அடிக்கலாம்?" என்பதுதான். தாள் அப்புறம். அதில் என்ன எழுதப் போகிறீர்கள்?

1986-ல் ஜே வெஸ்டர்வெல்ட் என்ற அமெரிக்கர் ஹோட்டல்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். துண்டைத் துவைக்கப் போடாமல் மறுபடி பயன்படுத்தினால் பூமிக்கு நல்லது என்று அறையில் அட்டை வைப்பார்கள். மிச்சமாவதென்னவோ அவர்களுடைய சலவைச் செலவு. இந்தப் பச்சை வேஷத்துக்கு அவர் வைத்த பெயர்தான் 'கிரீன்வாஷிங்'. நல்ல எண்ணத்தோடு தொழில் செய்கிறவர்களும் ஒரு சொல் தவறினால் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிடுவார்கள்.

படி 1: ஒரு தாளின் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம், உங்கள் பொருளைப் பற்றிச் சொல்ல ஆசைப்படுவதெல்லாம். வலப்பக்கம், ஒவ்வொன்றுக்கும் ஆதாரம்: கொள்முதல் ரசீது, சப்ளையர் தந்த சான்றிதழ், நீங்களே எடை போட்ட கணக்கு. வலப்பக்கம் காலியாக இருக்கும் வரிகளை அடித்துவிடுங்கள். மனசு வராது, ஆனாலும் அடியுங்கள்.

படி 2: மிஞ்சிய வரிகளைத் திருத்துங்கள். நேரம் எடுக்கும் வேலை இதுதான்.

"இயற்கைக்கு உகந்த சோப்பு" என்று எழுதியிருக்கிறீர்கள். எது உகந்தது, சோப்பா, உறையா, செய்யும் முறையா? "பிளாஸ்டிக் உறை கிடையாது, பெட்டி முழுக்க மறுசுழற்சித் தாள்" என்று மாற்றுங்கள். கவர்ச்சி குறைவுதான், ஆனால் யாராவது கேள்வி கேட்டால் ரசீதை எடுத்துக் காட்டலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2026 செப்டம்பர் 27 முதல், தக்க ஆதாரமில்லாத "சூழலுக்கு உகந்தது" போன்ற பொத்தாம் பொதுவான சொற்களுக்குத் தடையே வருகிறது.

"மக்கும்" என்ற சொல்லிடம் கூடுதல் கவனம் வேண்டும். பி.எல்.ஏ. என்ற தாவரப் பிளாஸ்டிக் சரியாக மக்க, தொழில்முறை உரக்கூடங்களில் இருப்பதுபோல 60 டிகிரியை ஒட்டிய வெப்பம் தேவை. தோட்டத்து உரக்குழியில் போட்டால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். எங்கே மக்கும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

எண் போட்ட முக்கோணக் குறி பிளாஸ்டிக் எந்த வகை என்று மட்டுமே சொல்கிறது. மறுசுழற்சிக்கு அது உத்தரவாதம் இல்லை. எஃப்.எஸ்.சி. (பொறுப்பாகப் பராமரிக்கும் காட்டு மரத்துக்கான சான்று) போன்ற முத்திரைகளை, நல்ல தாள்தானே வாங்கினோம் என்று நாமாகப் போட்டுக்கொள்ள முடியாது. அதற்கு உரிமம் வேண்டும்.

படி 3: இப்போது தாளுக்கு வரலாம். தேவைக்கு மட்டும் அச்சடியுங்கள். விலை, தேதி போன்று மாறுகிறவற்றை அச்சில் விடாமல் கியூ.ஆர். குறிக்குப் பின்னால் வைத்தால் பழைய கட்டு வீணாகாது. பளபளப்புக்காக லேமினேஷன் வேண்டாம். பிளாஸ்டிக் படலம் ஒட்டிய தாளை மறுசுழற்சி செய்வது கடினம். ஃபிளெக்ஸ் பேனருக்குப் பதில், ஆண்டு எழுதாத துணிப் பேனர். வலைத்தளத்தில் தானாக ஓடும் வீடியோவை நிறுத்துங்கள், படங்களைச் சுருக்கிப் போடுங்கள். இலவசப் பரிசு? யாரும் கேட்காத பொருளைச் செய்து கொடுப்பதில் பசுமை எதுவும் இல்லை என்பது என் கருத்து.

படி 4: குறையை நீங்களே சொல்லிவிடுங்கள். 2011-ல் படகோனியா என்ற அமெரிக்க ஆடை நிறுவனம், "இந்த ஜாக்கெட்டை வாங்காதீர்கள்" என்று நியூயார்க் டைம்ஸில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்தது. அந்த ஜாக்கெட்டைச் செய்ய 135 லிட்டர் தண்ணீர் செலவானதையும் அதிலேயே போட்டது. உங்களுக்கு முழுப் பக்கமெல்லாம் வேண்டாம். வலைத்தளத்தில் ஒரு வரி போதும்: "மூடி இன்னும் பிளாஸ்டிக்தான், மாற்று தேடுகிறோம்." பக்கத்தில் தேதியும் போடுங்கள். மூடி மாறிய அன்றைக்கு முதல் வேலையாக அந்த வரியை மாற்றுங்கள்.