மலை வீட்டுக்கு டிபூச்சினா: போத்து நடுவது முதல் கவாத்து வரை

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் வேலியோரத்தில் அடர் ஊதாப் பூ விரித்து நிற்கும் புதர்தான் டிபூச்சினா. பிரேசில் இதன் பூர்வீகம். இலை வெல்வெட் போல மெத்தென்று இருக்கும். காம்பிலிருந்து நுனிவரை நரம்புகள் நீளவாக்கில் ஓடும். பூவுக்கு 5 இதழ்கள், 7 முதல் 10 செ.மீ. அகலம், நடுவில் கொக்கி போல் வளைந்த மகரந்தத் தாள்கள். ஒரு பூ ஓரிரு நாளில் உதிர்ந்தாலும் கிளை நுனியில் அடுத்த மொட்டுகள் தயாராக இருக்கும். வெட்டாமல் விட்டால் 3, 4 மீட்டர் உயரும்.

போத்து, அதாவது நடுவதற்கு வெட்டும் கிளைத்துண்டு எடுக்க ஏப்ரல், மே கோடை மழை நல்ல சமயம். பூக்காத, பாதி முற்றிய கிளையில் 10 முதல் 12 செ.மீ. நீளத்துக்கு, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். நுனியில் 2 இலை போதும். அவற்றையும் பாதியாக நறுக்கிவிடுங்கள். ஆற்று மணலும் தென்னைநார்க் கழிவும் சம அளவு கலந்த பையில் நட்டு, பாலிதீன் கவர் கவிழ்த்து நிழலில் வையுங்கள். 4 முதல் 6 வாரத்தில் வேர் பிடிக்கும். கலவையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக்கூடாது. சொட்டினால் போத்து அடியிலிருந்து கறுத்து அழுகும்.

அடுத்தது மண். செடி கெடுவது பெரும்பாலும் இங்கேதான். இது புளிப்பு (அமில) மண்ணை விரும்பும் செடி. தேயிலை வளரும் மண்ணே இதற்குப் போதும். கெடுப்பது நாம் போடுவதுதான்: அடுப்புச் சாம்பல், சுண்ணாம்பு, உருளைக்கிழங்குத் தோட்டத்துக்குப் போடும் டோலமைட் என்னும் சுண்ணாம்புக்கல் தூள். புதுச் சிமென்ட் சுவரை ஒட்டி நட்டாலும் அதே கதிதான். மண்ணின் புளிப்பு குறைந்தால் இரும்புச்சத்து வேருக்கு எட்டாது. இளந்தளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அதைப் பார்த்து யூரியா போடாதீர்கள். இலைதான் பெருக்கும், பூ குறையும். 1 லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), 1 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, மாலையில் இலையில் தெளியுங்கள். 10 நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை போதும்.

45 செ.மீ. ஆழ அகலக் குழியில் மேல்மண் 2 பங்கு, மக்கிய எரு 1 பங்கு நிரப்பி நடுங்கள். சரிவின் அடிப்பள்ளம் வேண்டாம். குளிர்காற்று இறங்கித் தேங்குவதால் உறைபனி அங்கேதான் முதலில் பிடிக்கும். வெயில் விழும் நடுச்சரிவு நல்லது. கிளைகள் சட்டென முறியும், அதனால் காற்றுக்கு மறைப்பு வேண்டும்.

செடி 30 செ.மீ. வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள், பக்கக்கிளை வெடிக்கும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் இளஞ்செடியைச் சாக்கால் மூடி, காலையில் எடுத்துவிடுங்கள். பனியில் கருகிய நுனியை உடனே வெட்டாதீர்கள்; அது கீழ்மொட்டுக்குப் போர்வை. மார்ச்சில் கவாத்து செய்யும்போது மூன்றில் ஒரு பங்கு குறைக்கலாம்.

வெட்டிய குச்சிகளைச் சோலைக் காட்டோரம் கொட்டவே கூடாது. ஈரம் கண்டால் குச்சி வேர்விடும். ஹவாய்த் தீவுகளில் இச்செடி காட்டுக்குள் பரவிக் களையாகிவிட்டது. வெயிலில் நன்றாகக் காயவைத்து எரித்துவிடுங்கள், அந்தச் சாம்பலை மட்டும் இந்தச் செடிக்குப் போடாதீர்கள்.